கடும் மசக்கையும் வாந்தி மாத்திரையும்

எங்கள் மகப்பேறு புறநோயாளர் பிரிவில் காலை வேளையில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் துவண்டுபோய் அமர்ந்திருப்பார். கையில் ஒரு நெகிழிப் பை, அதற்குள் மருந்துக் கடைச் சீட்டு, பிரிக்கப்படாத மாத்திரை அட்டை. மாத்திரையை வாங்கியிருக்கிறார், ஆனால் விழுங்கவில்லை. "மூன்று மாதம் வரைக்கும் எந்த மாத்திரையும் ஆகாது என்று அத்தை சொன்னார்கள்" என்பார். உடன் வந்த கணவர் மறுபுறம், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடுங்கள், மதிய ஷிஃப்டுக்குப் போக வேண்டும்" என்பார். இருவர் அச்சத்திலும் அவசரத்திலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. ஏன் என்பதை இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மசக்கை நோயன்று. கருவுற்ற பெண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. நம் முன்னோர் இதை 'வயா' என்றனர். கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பதன்றிப் பகைவரால் உண்ணப்படாத மண் என்று சேர மன்னனின் நாட்டைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது புறநானூற்றின் இருபதாம் பாடலில் இருக்கிறது. (இன்றும் மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி ஆகியவற்றைத் தின்னத் தோன்றினால் மறைக்காமல் சொல்லுங்கள், அது இரும்புச் சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கக்கூடும்.) வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்களில் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சம் அடைந்து, பதினாறு முதல் இருபது வாரங்களுக்குள் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும்.

நாங்கள் இங்கே பேசுவது அதனினும் கடுமையான நிலையைப் பற்றி. நூறு கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஒருவருக்கு, சில கணக்குகளின்படி மூவர் வரைக்கும், வாந்தி நிற்பதே இல்லை. தண்ணீர்கூடத் தங்காது. கருவுறுமுன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துவிடும். அதாவது 50 கிலோ இருந்தவர் 47.5 கிலோவுக்குக் கீழே இறங்குவார். சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகும். இது நோய்தான், மருத்துவம் தேவைப்படும் நோய்.

"நாங்களெல்லாம் நான்கு பெறவில்லையா, இப்படியா படுத்துக் கிடந்தோம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 2023 டிசம்பரில் 'நேச்சர்' ஆய்விதழில் மார்லினா ஃபெஜ்ஸோ, ஸ்டீஃபன் ஓ'ராஹிலி முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இந்நோயின் வேரை ஓரளவு காட்டிவிட்டது. கருவும் நச்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்னும் ஒரு புரதத்தைத் தாயின் இரத்தத்தில் சேர்க்கின்றன. அது மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. கருவுறுமுன்னரே இப்புரதம் உடலில் கூடுதலாக இருந்த பெண்களுக்கு அது பழகிப்போயிருக்கும். குறைவாக இருந்தவர்களுக்கு அதன் திடீர் ஏற்றம் தாங்க முடியாததாகிறது. ஆகவே ஒரே வீட்டில் மாமியாருக்கு வராததும் மருமகளுக்கு வருவதும் உடற்கூறின் வேறுபாடே. மனத்தின் பலவீனமோ, வேலைக்குப் போக மனமில்லாத சாக்கோ அன்று.

இனி மாத்திரையைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். அது வெறும் மூடநம்பிக்கை என்று நாங்கள் தள்ளிவிடுவதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து, மசக்கைக்கும் நல்லது என்று பல நாடுகளில் தரப்பட்டது. கருவில் அதைச் சோதிக்காமலே தந்தார்கள். 1961 இறுதியில் விலக்கிக்கொள்ளப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் பிரான்சஸ் கெல்சி என்னும் அரசு மருந்து அதிகாரி, போதிய சான்று இல்லை என்று கையெழுத்திட மறுத்ததால் அந்நாடு பெருமளவு தப்பியது. கர்ப்பிணிக்கு மருந்து ஆகாது என்ற எச்சரிக்கை உலகெங்கும் வேரூன்றியதில் அந்நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அதே அச்சம் மற்றொரு மருந்தின்மேல் பாய்ந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். டாக்சிலமின் என்னும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் பிரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை, 1956 முதல் அமெரிக்காவில் பென்டெக்டின் என்ற பெயரில் விற்கப்பட்டது. உலகெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் அதை உட்கொண்டனர். குழந்தைகளின் குறைபாட்டுக்கு அதுவே காரணம் என்று நூற்றுக்கணக்கான வழக்குகள் தொடுக்கப்பட்டன. வழக்குச் செலவைத் தாங்காத நிறுவனம் 1983இல் விற்பனையை நிறுத்தியது. பிறகு என்ன ஆயிற்று? பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. முன்பிருந்த அளவிலேயே இருந்தன. கடும் வாந்தியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளின் விகிதமோ ஏறத்தாழ இரட்டித்தது. மருந்து குற்றமற்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதன் விலை மட்டும் நோயுற்ற பெண்களின் தலையில் விழுந்தது. அதே கூட்டு மருந்துக்கு 2013இல் அமெரிக்க மருந்து ஆணையம் மீண்டும் ஒப்புதல் தந்தது.

நம் நாட்டில் டாக்சினேட் முதலிய பெயர்களில் கிடைப்பது இந்த மருந்தேதான். கடும் மசக்கைக்கு நாங்கள் முதலில் எழுதித் தருவதும் இதுவே. சில செய்திகளைக் கவனியுங்கள். இந்த மாத்திரை குடலில் மெல்லக் கரையும்படி பூச்சிடப்பட்டது. பொடித்தோ கடித்தோ உண்ணக் கூடாது. இரவு படுக்கும்போது விழுங்கினால்தான் விடியற்காலைக் குமட்டலுக்குப் பயன்படும்; வாந்தி வந்தபின் விழுங்குவதால் பெரும்பயன் இல்லை. அட்டைக்கு அட்டை அளவு மாறும்: சிலவற்றில் 10 மில்லிகிராம், சிலவற்றில் 20. அக்கம்பக்கத்தார் சொன்ன எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

இது உறக்கம் தரும் மருந்து என்பதை இப்பகுதிப் பெண்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிப்காட் வளாகங்களில் இயந்திரத்தின் முன் நிற்பவர்கள், அத்திப்பள்ளியையும் பொம்மசந்திராவையும் நோக்கி விடியலில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஆகியோர் தங்கள் வேலை நேரத்தை மருத்துவரிடம் கூறியே ஆக வேண்டும். இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு 'இரவில் போடு' என்ற சொல்லே தவறாகிவிடும். அவர் உறங்கும் நேரத்தை ஒட்டி மருந்து வேளையை மாற்றித் தருகிறோம். கேட்காமல் விட்டது மருத்துவரின் பிழையாகவே இருந்தாலும், நீங்கள் சொல்லிவிடுங்கள்.

முதல் மருந்து போதாதபோது மெட்டோகுளோபிரமைடு தரப்படலாம். இது கருவுக்குக் கேடு செய்வதாகச் சான்று இல்லை. ஆயினும் இளம்பெண்கள் சிலருக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், தாடை இறுகும், கண்கள் மேலே செருகும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று அலறிவிடுவார்கள். உடனே மருந்தை நிறுத்திவிட்டு வந்தால் ஓர் ஊசியில் சரியாகும். இதனால்தான் ஐந்து நாட்களுக்கு மேல் இதைத் தருவதில்லை.

ஆன்டான்செட்ரான் பற்றித்தான் அதிகம் கேட்கப்படுகிறது. சீட்டில்லாமலே பலர் கடையில் வாங்கிவிடுகிற வாந்தி மாத்திரை அது. 2018இல் அமெரிக்காவில் 18 லட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, முதல் மூன்று மாதங்களில் இதை உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் உதடு அல்லது அண்ணப் பிளவு சற்றுக் கூடுதல் என்று கண்டது. எவ்வளவு கூடுதல்? பத்தாயிரம் குழந்தைகளில் 11 பேருக்கு வருவது 14 ஆகிறது. இதயக் குறைபாடு கூடவில்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் முதல் மூன்று மாதங்களில் வேண்டாம் என்றது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் அரசக் கல்லூரியோ 2024இல், முதல்நிலை மருந்துகள் பலிக்காதபோது தரலாம், தாய்க்கு இந்த எண்ணைச் சொல்லிவிட்டுத் தர வேண்டும் என்றது. ஒரே சான்று, இரு தீர்ப்புகள். எங்கள் சாய்வு இரண்டாவது பக்கம். மூன்று நாளாகத் தண்ணீர் தங்காத பெண்ணுக்குப் பத்தாயிரத்தில் மூன்று என்பது ஏற்கத்தக்க இடர். காலையில் ஒருமுறை குமட்டும் பெண்ணுக்கு அது வேண்டாத இடர். முடிவு அவரவர் நிலையைப் பொறுத்தது, முடிவெடுக்கும் உரிமையும் அப்பெண்ணுக்கே. மலச்சிக்கல் வரும். இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலோ இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தாலோ ஆபத்து என்பதால் கடையில் நேரே வாங்க வேண்டாம்.

இடரை எடைபோடும்போது எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எந்த மருந்தும் உண்ணாத தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூறில் இரண்டு மூன்று பேருக்கு ஏதேனும் பிறவிக் குறைபாடு இருக்கவே செய்கிறது; அதை எந்தப் பத்தியமும் துடைத்துவிடாது. மறுபுறம், வாந்தியைக் கவனியாது விட்டால் நீர் வற்றும், சிறுநீரகம் சோர்வடையும், பொட்டாசியம் இறங்கும், படுத்தே கிடப்பதால் கால் நரம்பில் இரத்தம் உறையலாம். எடை கூடாத தாய்க்குக் குறை எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுதி. மனச்சோர்வு உண்டாகி, விரும்பிச் சுமந்த கருவையே கலைத்துவிடுங்கள் என்று அழுதபடி கேட்ட பெண்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

'ஒரு பாட்டில் குளுக்கோஸ்' பற்றி. பல வாரம் உணவு தங்காத உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், எஞ்சியிருக்கும் சிறிது தயமினையும் அது செலவழித்துவிடும். மூளை பாதிக்கப்பட்டுப் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கி மூளை நோய் என்று இதற்குப் பெயர். நிலையான ஊனத்தையும் உயிரிழப்பையும் தரக்கூடியது. ஆகையால் முதலில் தயமின் ஊசி, பிறகு உப்பு நீர், தேவையான அளவு பொட்டாசியம்; குளுக்கோஸ் அவசியமானால் அதன்பின்னரே. வழியில் உள்ள சிறு மருத்துவ நிலையத்தில் ஏற்றிக்கொள்ள நேர்ந்தால், எத்தனை நாளாக உணவு தங்கவில்லை என்பதைச் சொல்லி, தயமின் போட்டாயிற்றா என்று துணிந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

எல்லா வாந்தியும் மசக்கையன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரட்டைக் கரு, முத்துப்பிள்ளைக் கர்ப்பம், தைராய்டு, சிறுநீர்த் தொற்று, மஞ்சள் காமாலை ஆகியவற்றை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பிரித்துக் காட்டும். பத்தாம் வாரத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தி, காய்ச்சல், வயிற்று வலி, வாந்தியில் இரத்தம் ஆகியவை காத்திருக்கத் தக்கவையல்ல. ஓசூரைச் சுற்றிய ரோஜாக் கூடாரங்களில் வேலை செய்கிறவர்கள், மருந்து தெளித்த அன்று வாந்தி கூடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். பூச்சிக்கொல்லியால் வரும் வாந்திக்குச் சிகிச்சை வேறு.

வீட்டில் செய்யத்தக்கவை சில. இஞ்சி இலேசான குமட்டலுக்கு ஓரளவு உதவும். கடும் வாந்தியில் அது நெஞ்செரிச்சலைத்தான் கூட்டும். எழுமுன் படுக்கையிலேயே ரஸ்க்கோ பொரியோ மெல்லலாம். ஒரு கிண்ணம் கூழை ஒரே மூச்சில் குடிப்பதைவிட, அரை மணிக்கு இரண்டு வாய் குடிப்பது தங்கும். களி கிளறும் வாசனையோ தாளிக்கும் வாசனையோ பொறுக்கவில்லையென்றால் சமையலை வேறொருவர் ஏற்கட்டும், கணவரும் ஏற்கலாம். இரும்புச் சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் மருத்துவரைக் கேட்டு முதல் மூன்று மாதங்களுக்கு நிறுத்தலாம். போலிக் அமிலத்தை நிறுத்தக் கூடாது.

இருபத்துநான்கு மணி நேரம் நீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் விடியும்வரை பொறுக்க வேண்டாம். 108க்கு அழையுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்துக் குடும்பங்களுக்குத் தொலைவு ஒரு தடைதான். அதனாலேயே முன்னதாகப் புறப்படுவது நல்லது. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் வாந்தியோடே ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். கர்ப்பத்தால் வரும் நோய்க்கென, பேறுகால விடுப்புக்கு மேலாக, ஒரு மாதம் வரை ஊதியத்துடன் கூடிய விடுப்பை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஈஎஸ்ஐ காப்பீட்டில் உள்ளவர்களுக்கும் இதையொத்த பலன் இருக்கிறது. நோயின் பெயர் குறித்த மருத்துவச் சான்று வேண்டும். சான்றை நாங்களாக நினைவுபடுத்தத் தவறினாலும் நீங்கள் கேட்டுப் பெறுங்கள்.

வரும்போது தாய் சேய் நல அட்டையையும், எல்லைக்கு அப்பால் பதிவு செய்திருந்தால் கர்நாடகத்தின் தாய் அட்டையையும், அங்கே எழுதிய சீட்டையும், உண்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கொண்டுவாருங்கள். அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு "வெள்ளை மாத்திரை" என்று மட்டும் சொன்னால் எங்களால் ஊகிக்க இயலாது. தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதிலோ இந்தியிலோ சொன்னால்தான் எளிது என்றால் அப்படியே சொல்லுங்கள்; பிரிவில் யாரேனும் ஒரு செவிலியருக்கு அம்மொழி தெரிந்திருக்கும்.