தீர்ந்துபோன பாட்டரி உண்மையில் தீர்ந்துவிட்டதா?

சென்ற டிசம்பரில் எங்கள் பள்ளி மண்டபத்தில் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்தோம். வைக்கோலும் காகித மலையும் உள்ள இடத்தில் மெழுகுவர்த்தி கொளுத்தினால் தீப்பற்றும் என்று, சுடரில்லாமல் மினுக்கும் சிறு பிளாஸ்டிக் விளக்குகளை வாங்கி வரிசையாக வைத்தோம். மூன்றாம் நாள் மாலைக்குள் பாதி விளக்குகள் மங்கிவிட்டன. அன்று ஆசிரியை ஒருவரின் குட்டி மகன் குடிலருகே உட்கார்ந்து, அணைந்துபோன விளக்கொன்றைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். அடிமூடி கழன்று உருண்டது. உள்ளேயிருந்த வெள்ளி வில்லை அவன் கைக்கு வந்தது. அதை அவன் வாய்க்குக் கொண்டுபோன அதே நொடியில் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் ஓடிச்சென்று கையைப் பிடித்துவிட்டார்.

"தீர்ந்துபோன பாட்டரிதானே! விழுங்கியிருந்தாலும் காசு விழுங்கினாற் போல மறுநாள் வெளியே வந்திருக்கும்" என்று எங்களில் சிலர் சொன்னோம். எங்கள் இயற்பியல் ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. "சோதித்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். சோதித்தோம். பிறகு அவரவர் வீட்டு இழுப்பறைகளையும் திறந்து பார்த்தோம். அவற்றில் கண்டதையே இங்கே எழுதுகிறோம்.

நம் பாட்டிமார் காலத்தில் பாட்டரிக்கட்டை என்றால் டார்ச் விளக்குக்கும் வானொலிப் பெட்டிக்கும் மட்டுமே. இன்று உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்களேன். சர்க்கரை பார்க்கும் கருவி, சமையலறைத் தராசு, கார்ச் சாவி, அண்ணனுடைய கணினியின் உள்பலகை, சில வகை ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று எங்கெங்கோ பட்டன் செல் ஒளிந்திருக்கிறது. இவற்றுள் பெரும்பாலும் காணப்படுவது சி.ஆர். 2032 என்பது. இந்தப் பெயர் மந்திரம் அன்று. சி என்பது லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்த இனம். ஆர் என்பது வட்ட வடிவம். 20 என்பது குறுக்களவு 20 மில்லிமீட்டர். 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். அதே அகலத்தில் 2025, 2016 என்ற மெல்லிய தம்பிகளும் உண்டு. எல்.ஆர். என்று தொடங்கினால் அது லித்தியம் அன்று, 1.5 வோல்ட் ஆல்கலைன் வகை. எஸ்.ஆர். என்றால் வெள்ளி ஆக்சைடு, கைக்கடிகாரத்தில் இருப்பது.

லித்தியம் என்னும் தனிமத்தை 1817இல் சுவீடன் நாட்டு ஆர்ஃப்வெட்சன் ஒரு கனிமக் கல்லில் கண்டறிந்தார். கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. உலோகங்களிலேயே இதுதான் மிக இலேசானது. மண்ணெண்ணெயில் போட்டால் மூழ்காமல் மிதக்கும். சோடியத்தின் அண்ணன் ஆதலால் தண்ணீரோடு இதற்கு ஆகாது. ஆகவே இந்தப் பாட்டரிக்குள் தண்ணீர் ஒரு துளியும் வைப்பதில்லை. கரிமக் கரைப்பான் ஒன்றில் கரைந்த உப்பே உள்ளே இருக்கிறது. எலெக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் லித்தியத்துக்கு நிகர் அரிது. அதனால்தான் துத்தநாகக் கட்டை 1.5 வோல்ட் கொடுக்க, இச்சிறு வில்லை தனியாக 3 வோல்ட் கொடுக்கிறது. சும்மா இருக்கும்போது ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவே தன் சக்தியை இழக்கிறது. 1972இல் இத்தாலியில் முதன்முதலாக மனித உடலுக்குள் வைக்கப்பட்ட லித்தியம்–அயோடின் இதயமுடுக்கி மின்கலமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அவ்வளவு நம்பகமானது!

ஆனால் அந்த 3 வோல்ட்தான் வம்பு. தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பதற்குக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். ஈரமான இடத்தில் இந்த வில்லை ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று இனி நீங்களே கணக்குப் போடலாம்.

நாங்கள் செய்த சோதனை இதுதான். குடில் விளக்குகளில் இனி எரியாது என்று ஒதுக்கிய செல்களை முதலில் மீட்டரில் அளந்தோம். விளக்கை ஏற்ற வலுவில்லாத அவை எல்லாம் 2 வோல்ட்டுக்கு மேலேயே காட்டின. பிறகு விடுதிச் சமையலறையில் கேட்டு வாங்கிய கோழி இறைச்சித் துண்டொன்றை உப்புநீரில் நனைத்து, அதன் மடிப்புக்குள் ஒரு பழைய செல்லை வைத்தோம். சில நிமிடங்களில் எதிர்முனைப் பக்கம் நுரை கட்டியது. ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை அங்கே வைத்தவுடன் நீலமாயிற்று. மதிய உணவு முடித்து வந்து செல்லை எடுத்தோம். இறைச்சியில் வட்டமாக, கருகினாற் போல ஒரு குழி. நெருப்பில்லை, சூடில்லை. ஆய்வகத்தில் யாரும் பேசவில்லை. (இதை ஆசிரியை உடன் இல்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம்.)

குழந்தையின் உணவுக்குழாயில் நடப்பதும் இதுவே. சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் 20 மில்லிமீட்டர் வில்லை எளிதில் சிக்கிக்கொள்ளும். அது உடையவோ ஒழுகவோ வேண்டியதில்லை. மின்னோட்டமே எதிர்முனையருகே கடுமையான காரத்தை உண்டாக்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஏற்படலாம். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. புதிய செல்லில் ஆபத்து மிகுதி என்றாலும், விளக்குக்கு உதவாத செல்லும் தொண்டையைப் பொசுக்கப் போதும். எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல், நெஞ்சு வலி என்று அறிகுறிகள் வரலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். எக்ஸ்ரே படத்தில் பார்த்தால் காசு போலத் தோன்றும், ஓரத்தில் மட்டும் இரட்டை வளையம் தெரியும்.

தாய்மாரே, விழுங்கியிருப்பான் என்ற ஐயம் தோன்றினாலே போதும், உறுதிப்படுத்தக் காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது எக்ஸ்ரேயும் உள்நோக்குக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே விரையுங்கள். வாழைப்பழம் கொடுத்து இறக்கப் பார்ப்பது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது இரண்டும் கூடாது. ஒரே ஒரு வீட்டு மருந்து மட்டும் உண்டு, அது தேன். காரத்தின் வேகத்தைத் தேன் மட்டுப்படுத்துகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் தேசியத் தலைநகர் நச்சு மையம் கூறும் முறை இது: குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, அதனால் விழுங்க முடிந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், ஆறு முறை வரை கொடுக்கலாம். அதுவும் மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான். தேன் வாங்கக் கடைக்கு ஓடிக் காலத்தைக் கழிக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அவசரம் இதே அளவுதான். சொட்டு மருந்து எதுவும் விடாமல் கொண்டுபோக வேண்டும்.

இனி வாங்குவதைப் பற்றி. கருவியின் மூடியில் எந்த எண் உள்ளதோ அதே எண்ணை வாங்குவதே முறை. 2032 கிடைக்கவில்லை என்று 2025ஐ வாங்கி, இடைவெளியை மிட்டாய்க் காகிதத்தால் அடைக்கும் கெட்டிக்காரத்தனம் எங்கள் வீடுகளிலும் நடந்திருக்கிறது. அந்தத் தகடு நகர்ந்து இரு முனைகளையும் தொட்டால் செல் சூடேறிவிடும். எல்.ஐ.ஆர். 2032 என்று பார்வைக்கு ஒரே மாதிரி இன்னொன்று விற்கிறது. அது மறுபடி மின்னேற்றக்கூடிய வேறு இனம், 3 வோல்ட்டை மீறும்; கருவி கெடலாம். சி.ஆர். வகையை மின்னேற்ற முயல்வது அதனினும் மோசம், வெடிக்கக்கூடும். அட்டையில் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பாருங்கள். கத்தரிக்கோல் இல்லாமல் திறக்க முடியாத உறையில் வருவதை வாங்குங்கள். அந்தத் தொல்லை வேண்டுமென்றே வைத்தது. குழந்தை வாயில் வைத்தால் துப்பிவிடும்படி கசப்புப் பூச்சுப் பூசியும் சில செல்கள் வருகின்றன. நல்ல யோசனைதான், ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சினால் தொடர்பு சரியாகக் கிடைப்பதில்லை.

செல்லை விடக் கருவியைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்பது எங்கள் கருத்து. செல் இருக்கும் அறைக்குத் திருகு உண்டா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதல், குழந்தைகள் திறக்க முடியாதபடி இந்த அறை அமைந்திருப்பது கட்டாயம். அமெரிக்காவும் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. எங்கள் குடில் விளக்குகளுக்கோ நகத்தால் நெம்பினால் திறக்கும் மூடிதான். விலை குறைவு என்று வாங்கினோம். அது மட்டுமன்று, 2032 செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. விளக்கு 5 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 44 மணி நேரம். இரண்டு நாள் கூட முழுதாக இல்லை. பிறகு மூடியைத் திறந்து திறந்து மாற்ற வேண்டியதுதான். அதற்குப் பென்சில் செல் போடும் தொடர்விளக்கே மேலாயிருந்திருக்கும்.

பென்சில் செல்லிலும் லித்தியம் வந்திருக்கிறது. இது லித்தியமும் இரும்பு டை சல்ஃபைடும் சேர்ந்த வகை, 1.5 வோல்ட்தான் கொடுக்கும். எடை சுமார் 15 கிராம். ஆல்கலைன் 23 கிராம் இருக்கும். இருபது ஆண்டு கூடக் கெடாது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆல்கலைன் போல வெள்ளையாகப் பொங்கி ரிமோட்டின் கம்பிச்சுருளை அரிப்பதும் அரிது. விலைதான் கடிக்கும். ஆகவே சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் இது வீண். சாதாரணக் கட்டையே போதும். எப்போதோ ஒருநாள் தேவைப்பட்டு அன்று ஏமாற்றக் கூடாத பொருளுக்கு இது தகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. கடற்கரை ஊர்களில் அப்படிப்பட்ட நாளுக்கென்று அலமாரியில் வைக்கும் டார்ச் விளக்குக்கு லித்தியம் செல் போட்டால் காசு வீணாகாது. ஒரே கருவியில் பழையதும் புதியதும், லித்தியமும் ஆல்கலைனும் கலந்து போடுவது மட்டும் ஆகாது.

பத்திரப்படுத்தும் விஷயத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரை நோய். ஓர் இரவு பதினொரு மணிக்குப் பாட்டிக்கு வியர்த்துக் கொட்டி நடுக்கம் கண்டது. அளக்கலாம் என்றால் கருவி உயிரற்றுக் கிடந்தது. "உபரியாக ஐந்து செல் வாங்கி வைத்திருக்கிறேனே" என்று அப்பா பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிரித்து, ஊசி, பழைய சாவி, சில்லறையோடு போட்டு வைத்திருந்தார். அவை ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து, தகர டப்பாவையும் தொட்டு, குறுக்குச் சுற்றாகி, ஐந்தும் வலுவிழந்திருந்தன. அம்மா அளக்காமலே சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள், பாட்டி தெளிந்தார்கள். இன்று அந்த வீட்டில் செல்கள் அட்டையிலிருந்து பிரிக்கப்படாமல், வாங்கிய தேதி எழுதப்பட்டு, மேல் அலமாரியில் பூட்டி இருக்கின்றன. சாவி பாட்டியின் இடுப்பில்!

குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நீண்ட நாள் வரும் என்று பலர் நம்புகிறார்கள். வேண்டாம், வெளியே எடுக்கும்போது படியும் ஈரமே கெடுதல். வெயில் படாத, அடுப்புக்கு அருகிலில்லாத, உலர்ந்த இடம் போதும். மாடியில் தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கலாகாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் உபரி செல் கொண்டுவந்தால், விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை மறைத்து.

மாற்றும்போது கையை உலர்த்திக்கொள்ளுங்கள். உலோக இடுக்கியால் இரு பக்கமும் சேர்த்துப் பிடிக்காதீர்கள். பழையதைக் கழற்றியதும் மேசைமேல் வைத்துவிட்டு மறு வேலைக்குப் போகும் அந்த ஒரு நிமிடந்தான் வீட்டில் மிக ஆபத்தான நிமிடம். கழற்றிய கையோடு இருபுறமும் ஒட்டுநாடா சுற்றிவிட வேண்டும். கொல்லையில் சருகோடு சேர்த்துக் கொளுத்தும் குப்பையில் இது போய்விழுந்தால் வெடித்துச் சிதறும். 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தியிருக்கின்றன. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கும் வரை, எட்டாத உயரத்தில் மூடிய பிளாஸ்டிக் புட்டியில் இருக்கட்டும்.

எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒரு புட்டி வைத்திருக்கிறோம். மூடியில் ஒரு செல் மட்டும் நுழையும் பிளவு. கையை விட முடியாது. வீட்டில் கழற்றியவற்றை ஒட்டுநாடா சுற்றிக் கொண்டுவாருங்கள், திங்கட்கிழமை மதிய இடைவேளையில் வாங்கிக்கொள்கிறோம். குடில் விளக்குகளை மண்டபத்திலிருந்து எடுத்த அன்று எண்ணிப் பார்த்தோம்: வைத்தவை இருபத்து நான்கு, கிடைத்தவை இருபத்து நான்கு, செல்களோ இருபத்து மூன்று. அந்த ஒன்றைத் தேடி எட்டுப் பேர் வைக்கோலை ஒவ்வோர் இழையாகப் பிரித்தோம். மாலை ஆறு மணிக்கு, ஆட்டுக்குட்டிப் பொம்மையின் அடியில் கிடைத்தது.