இருபத்தைந்து மணி நேர நாள்

நிலை 5 – பாடம் 9

படிக்கும் முன் பேசுவோம்

1. நீங்கள் கப்பலிலோ படகிலோ போயிருக்கிறீர்களா? எங்கே? எவ்வளவு நேரம்?
2. "போர் அடிக்குது!" என்று எப்போது சொல்வீர்கள்? வீட்டில் என்ன பதில் வரும்?
3. ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம்? எப்போதும் அப்படித்தானா?

கடல் நாள்

சொகுசுக் கப்பலில் போகிறவர்கள் நாட்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒன்று துறைமுக நாள். அன்று கப்பல் ஓர் ஊரில் நிற்கும். இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம். மற்றொன்று கடல் நாள். அன்று கப்பல் எங்கேயும் நிற்காது. காலையில் எழுந்து பார்த்தால் கடல். மதியம் பார்த்தாலும் கடல். சாயங்காலமும் அதே கடல்தான்!

முழுக்க முழுக்கக் கடல் நாட்களே உள்ள ஒரு பயணம் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவின் நியூயார்க் வரை, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பயணம். 5,500 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். நடுவில் ஓர் ஊர்கூடக் கிடையாது.

இந்த வழியில் போகும் புகழ்பெற்ற கப்பல் 'குயின் மேரி 2'. இது 2004ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. இதன் நீளம் 345 மீட்டர். மூன்று கால்பந்துத் திடல்களை வரிசையாக வைத்தாலும் இந்தக் கப்பல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுமார் 2,700 பயணிகள் இதில் போகலாம். அவர்களைக் கவனிக்கவும் கப்பலை ஓட்டவும் சுமார் 1,200 பேர் வேலை செய்கிறார்கள்.

விமானத்தில் போனால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். இந்தக் கப்பலில் பெரும்பாலும் ஏழு இரவுகள். "அவ்வளவு மெதுவாகவா?" என்று கேட்கிறீர்களா? அந்த மெதுவில்தான் ஓர் அதிசயம் இருக்கிறது. வாங்க, பார்க்கலாம்.

ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. 360ஐ 24ஆல் வகுத்தால் 15. அதாவது பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. மேற்கே போகப் போக, சூரியன் உதிப்பதும் தள்ளிப்போகும். அதனால்தான் இங்கிலாந்தில் மதியம் 12 மணியாக இருக்கும்போது, நியூயார்க்கில் காலை 7 மணி. ஐந்து மணி நேர வித்தியாசம்.

விமானத்தில் போனால் இந்த ஐந்து மணி நேரமும் ஒரே நாளில் வந்து சேரும். உடம்புக்குப் புரியாது. நடுராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு, "பசிக்குது" என்று அம்மாவை எழுப்புவோம்!

கப்பலில் அப்படி இல்லை. மேற்கே போகும்போது, ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். ஐந்து இரவு, ஐந்து மணி நேரம். கணக்கு சரியாகிவிட்டது. உடம்பும் மெல்ல மெல்லப் பழகிவிடும்.

இப்போது யோசியுங்கள். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால், அந்த நாள் ஒரு மணி நேரம் நீளும். அன்று உங்களுக்கு 24 மணி நேரம் அல்ல, 25 மணி நேரம்! திரும்பி வரும்போது? நியூயார்க்கிலிருந்து கிழக்கே வந்தால், சில நாட்களுக்கு 23 மணி நேரம்தான். கொடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

பகல் முழுக்க என்ன செய்வது?

நடக்கலாம். கப்பலைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு நடைபாதை இருக்கிறது. மூன்று சுற்று நடந்தால் ஒரு மைலைத் தாண்டிவிடலாம். படிக்கலாம். கப்பலுக்குள் பெரிய நூலகம் இருக்கிறது. பகலிலேயே நட்சத்திரங்களைப் பார்க்க ஒரு கோளரங்கமும் இருக்கிறது.

நாய்களும் இந்தக் கப்பலில் பயணம் செய்கின்றன! அவற்றுக்குத் தனி இடம் உண்டு. அங்கே ஓர் ஆங்கிலேய விளக்குக் கம்பமும், அமெரிக்கத் தெருக்களில் தீயணைக்கத் தண்ணீர் பிடிக்கும் குழாய்க் கம்பமும் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டு நாயும் தன் ஊர் போல நினைத்துக் காலைத் தூக்கலாம்.

ஒன்றுமே செய்யாமல் தொடுவானத்தையும் பார்க்கலாம். 'தொடுவானம்' எவ்வளவு அழகான சொல்! வானம் கடலைத் தொடுவது போலத் தெரியும் இடம் அது. கடற்கரையில் நிற்கும் ஒரு சிறுவனுக்குத் தொடுவானம் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். கப்பலில் 30 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் சுமார் 20 கிலோமீட்டர். உயரப் போகப் போக உலகம் பெரிதாகும்.

சில நாட்களில் தொடுவானமே தெரியாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே மூடுபனி அதிகம். பனி மூடினால் கப்பல் ஒரு நீண்ட ஊதல் ஊதும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஊத வேண்டும் என்பது கடல் விதி. "நான் இங்கே இருக்கிறேன், பார்த்து வா" என்று மற்றக் கப்பல்களுக்குச் சொல்வது போல!

மேல்தளத்தில்

(கடலில் மூன்றாவது நாள். பாட்டி, அக்கா, தம்பி மூவரும் சாய்வு நாற்காலிகளில் இருக்கிறார்கள். கைபேசிகள் அறையில் இருக்கின்றன.)

தம்பி: பாட்டி, போர் அடிக்குது. நேத்தும் கடல், இன்னிக்கும் கடல்!

பாட்டி: கடல்ல வேற என்னடா இருக்கும்? கொஞ்ச நேரம் சும்மா உட்காரேன்.

அக்கா: சும்மா உட்கார்ந்து என்ன பண்றது, பாட்டி?

பாட்டி: எங்க அப்பா நாள் கணக்கா இப்படித்தான் கடலைப் பார்த்துக்கிட்டு வருவாராம்.

தம்பி: அவரும் சொகுசுக் கப்பல்ல போனாரா?

பாட்டி: சொகுசா? நல்லா கேட்டே போ! அவர் போனது 'ரஜூலா' கப்பல். பினாங்குல வேலை பார்த்தார். அங்கேயிருந்து நாகப்பட்டினத்துக்கு அந்தக் கப்பல் வரும். அவருக்கு அறையெல்லாம் கிடையாது. தளத்துல பாயை விரிச்சுப் படுத்துக்குவார்.

அக்கா: மழை வந்தா?

பாட்டி: பாயைச் சுருட்டிக்கிட்டு, நனையாத இடமாப் பார்த்து நகரணும்.

தம்பி: அடிக்கடி வருவாரா?

பாட்டி: எங்கே வர்றது? மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரு தடவை அவர் வந்தப்போ எனக்கு ஆறு வயசு. "யாரும்மா இந்த மாமா?"ன்னு எங்க அம்மாகிட்ட கேட்டுட்டேன்.

(அக்காவும் தம்பியும் சிரிக்கிறார்கள். பாட்டி சிரிக்கவில்லை.)

அக்கா: அதுக்கு அவர் என்ன சொன்னார், பாட்டி?

பாட்டி: ஒண்ணும் சொல்லல. பெட்டியைத் திறந்தார். ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில குடுத்தார்.

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.)

தம்பி: பாட்டி, நம்ம அறையைச் சுத்தம் பண்றாரே ஓர் அண்ணா, அவருக்கும் ஒரு பையன் இருக்கான். அவனுக்கும் ஆறு வயசு. பிலிப்பைன்ஸ்ல இருக்கானாம்.

பாட்டி: உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: நேத்து போட்டோ காட்டினார். அவர் வீட்டுக்குப் போய் அஞ்சு மாசம் ஆச்சாம்.

பாட்டி: அவர் பேர் என்ன?

தம்பி: அது... கேக்கலையே.

பாட்டி: இன்னிக்குக் கேளு, கண்ணு. மூணு நாளா நமக்குப் படுக்கை விரிச்சுப் போடுறவர் ஆச்சே.

இன்னொரு கடிகாரம்

நீங்கள் தூங்கும்போதும் கப்பல் தூங்காது. கப்பலை ஓட்டும் இடத்தில் இரவு முழுக்க ஆட்கள் விழித்திருந்து இருட்டைக் கவனிப்பார்கள். இயந்திர அறையில் சிலர். நாளைக்கு வேண்டிய ரொட்டியைச் சுட சமையலறையில் சிலர். கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து நல்ல தண்ணீர் ஆக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளச் சிலர். கடிகாரம் பின்னால் போகும் இரவில் உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். விழித்திருப்பவர்களுக்கோ அந்த இரவு ஒரு மணி நேரம் நீளம்.

அந்த அண்ணாவின் கடிகாரத்தையும் பார்ப்போம். கோடைக்காலத்தில் சவுத்தாம்ப்டனுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் 7 மணி நேர வித்தியாசம். ஒவ்வொரு முறை கப்பல் கடிகாரம் பின்னால் போகும்போதும் அது 8, 9, 10, 11 என்று வளரும். நியூயார்க் போய்ச் சேரும்போது 12. அப்பாவுக்குக் காலை 8 மணி என்றால் மகனுக்கு இரவு 8 மணி. அப்பா வேலையைத் தொடங்கும் நேரத்தில் மகன் தூங்கப் போவான்.

நமக்கு ஒரு மணி நேரம் கிடைத்த ஒவ்வோர் இரவும், அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது.

நியூயார்க் வந்தாச்சு!

கடைசி நாள் விடியும் முன்பே பலர் எழுந்து மேல்தளத்துக்கு வந்துவிடுவார்கள். கப்பல் வெரசானோ பாலத்தின் அடியில் நுழையும். "ஐயோ, புகைபோக்கி இடிக்கப் போகுது!" என்று தோன்றும். இடிக்காது. நடுவில் சில மீட்டர் இடைவெளி இருக்கும். பிறகு சுதந்திர தேவி சிலை தெரியும். ஒரு வாரத்துக்குப் பிறகு தரை! கைபேசிகளும் வெளியே வந்துவிடும்.

சொல் அறிவோம்

- துறைமுகம் – கப்பல்கள் வந்து நிற்கும் இடம்
- மேல்தளம் – கப்பலின் மேல் பகுதி
- மாலுமி – கப்பலில் வேலை செய்பவர்
- நங்கூரம் – கப்பல் நகராமல் இருக்கக் கடலுக்குள் இறக்கும் கனமான இரும்பு
- தொடுவானம் – வானமும் கடலும் சேர்வது போலத் தெரியும் இடம்
- கோளரங்கம் – நட்சத்திரங்களையும் கோள்களையும் திரையில் காட்டும் அரங்கம்

தெரிந்துகொள்வோம்: தமிழ்ச் சொற்களும் கடல் பயணம் செய்திருக்கின்றன. 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. 'கப்பல்' மலாய் மொழிக்குப் போய் 'கப்பால்' ஆனது.

சும்மா... ஒரு சொல்!

பாட்டி "சும்மா உட்காரேன்" என்றார். இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் பாருங்கள்.

- சும்மா உட்கார்ந்திருக்கேன். (வேலை எதுவும் செய்யாமல்)
- சும்மாதான் வந்தேன். (காரணம் எதுவும் இல்லாமல்)
- கடைக்காரர் சும்மா குடுத்தார். (காசு வாங்காமல்)
- சும்மா இரு! (பேசாமல், தொந்தரவு செய்யாமல்)
- சும்மா சும்மா கூப்பிடாதே. (திரும்பத் திரும்ப)
- சும்மா சொன்னேன். (விளையாட்டாக)

பேச்சும் எழுத்தும்

| பேசும்போது | எழுதும்போது |
|---|---|
| கப்பல்ல | கப்பலில் |
| நேத்து | நேற்று |
| இன்னிக்கு | இன்றைக்கு |
| பண்றார் | பண்ணுகிறார் |
| கேக்கலை | கேட்கவில்லை |
| மூணு வருஷம் | மூன்று வருடம் |

பயிற்சிகள்

அ. சரியா, தவறா?
1. கடல் நாளில் கப்பல் ஓர் ஊரில் நிற்கும்.
2. மேற்கே போகும்போது சில நாட்கள் 25 மணி நேரம் நீளும்.
3. பாட்டியின் அப்பா ரஜூலா கப்பலில் தனி அறையில் தூங்கினார்.

ஆ. விடை எழுதுக.
1. மூடுபனியில் கப்பல் ஏன் ஊதுகிறது?
2. விமானப் பயணத்தை விடக் கப்பல் பயணம் உடம்புக்கு ஏன் எளிது?
3. அக்காவும் தம்பியும் சிரித்தபோது பாட்டி ஏன் சிரிக்கவில்லை? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

இ. கணக்கு போடுக.
கப்பல் புறப்பட்டு மூன்று முறை கடிகாரம் பின்னால் போய்விட்டது. கப்பலில் இப்போது காலை 9 மணி. பிலிப்பைன்ஸில் மணி என்ன? அந்த அண்ணாவின் மகன் விழித்திருப்பானா?

ஈ. எழுத்துத் தமிழில் மாற்றுக.
"நேத்து போட்டோ காட்டினார். அவர் வீட்டுக்குப் போய் அஞ்சு மாசம் ஆச்சாம்."

உ. தொடர்ந்து எழுதுக.
அன்று சாயங்காலம் தம்பி அந்த அண்ணாவைப் பார்க்கிறான். இருவரும் என்ன பேசியிருப்பார்கள்? எட்டு வரிகளில் உரையாடலாக எழுதுங்கள். பேச்சுத் தமிழில் எழுதலாம்.

ஊ. வீட்டில் செய்க.
இந்த வாரம் ஒரு மணி நேரம் கைபேசி, தொலைக்காட்சி எதுவும் இல்லாமல் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாராவது ஒருவருடன் சும்மா உட்காருங்கள். அவர்கள் வேறு நாட்டில் இருந்தால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். முதலில் அங்கே மணி என்ன என்று கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்! நம் குடும்பத்தில் வேலைக்காகத் தூரமாகப் போனவர் யார், எதில் போனார், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அடுத்த வகுப்பில் தமிழில் சொல்லுங்கள்.