மண்ணைத் தொட்டுவிட்டு மருந்து சொல்

அன்புத் தம்பிக்கு,

கோவில்பட்டிப் பக்கம் வேளாண்மை அலுவலராகச் சேர்ந்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் ஏக்கருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறாய். எந்த மண்ணுக்கு என்று நீ எழுதவில்லை. அது தெரியாமல் ஓர் எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆண்டு உன்னோடு வேலைக்கு வந்த மற்றவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

அட்ரசின் போல, களை முளைக்கும் முன் நிலத்தில் அடிக்கிற மருந்து முழுவதும் களைக்குக் கிடைப்பதில்லை. ஒரு பங்கு களித்துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும். மீதி மண்ணீரில் கரைந்து நிற்கும். முளைவிடும் களை உறிஞ்சுவது பெரும்பாலும் இந்தக் கரைந்த பங்கைத்தான். மழையோடு கீழே இறங்குவதும் அதுவே. ஒட்டுவது கூடினால் களை தப்பிக்கும். கரைவது கூடினால் பயிர் வாடும், மருந்து கிணறு வரைக்கும் போகும். இரண்டுக்கும் நடுவே பங்கு பிரிப்பது மண். அட்ரசின் டப்பாவின் அட்டையில் மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மூலப்பொருள் என்று ஒன்றுக்கு இரண்டாக இடைவெளி விட்டிருக்கிறார்களே, அதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

மருந்துகளுக்குள்ளும் குணம் வேறு. பென்டிமெத்தலின் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மில்லிகிராம்கூடக் கரையாது; விழுந்த இடத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அட்ரசின் சுமார் 33 மில்லிகிராம் கரையும். கரும்பில் அடிக்கிற மெட்ரிபுசின் ஒரு கிராமுக்கு மேல் கரையும், தண்ணீர் போகும் வழியெல்லாம் கூடவே போகும். மண்ணையும் மருந்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கணக்கு வரும்.

ஆழத்தையும் யோசி. சாரணை, கீரை வகைகள், சின்னப் புற்கள் எல்லாம் பொடி விதை. மேல் இரண்டு சென்டிமீட்டருக்குள்ளிருந்துதான் பெரும்பாலும் முளைக்கும். மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடுகிறோம். மருந்து மேல் அடுக்கிலேயே நின்றால் களை சாகும், பயிர் பிழைக்கும். பென்டிமெத்தலின் மாதிரியான மருந்தில் பயிருக்குப் பாதுகாப்பே இந்த இடைவெளிதான். கோரை மட்டும் ஏன் சாவதில்லை என்று விவசாயிகள் கேட்பார்கள். அது கிழங்கிலிருந்து வருகிறது, அந்த மெல்லிய மருந்து அடுக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பென்டிமெத்தலினைக் கூட்டி அடித்துப் பயனில்லை என்று முதலிலேயே சொல்லிவிடு.

மணலில் அந்த இடைவெளி நிலைப்பதில்லை. 25 மில்லிமீட்டர் மழை களிமண்ணில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் நனைக்கும். மணலில் சுமார் முப்பது சென்டிமீட்டர் இறங்கும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரி நிலத்தில் பிடித்துவைக்கக் களியும் இல்லை, மட்கும் இல்லை. அங்கே மெட்ரிபுசின் அடித்த மறுநாள் நல்ல மழை பெய்தால் களை இருக்கிற மேல்மண்ணில் மருந்து மிஞ்சாது, பயிரின் வேரடியில் போய் நிற்கும். களையும் சாகவில்லை, பயிரும் மஞ்சளாகிறது என்றால் கடைக்காரர் மருந்தைக் குறை சொல்வார், விவசாயி கடையைக் குறை சொல்வார். நீ மண்ணைப் பார். மணற்பாங்கான நிலத்தில் கரையும் மருந்தைத் தவிர். அடித்தே ஆகவேண்டுமானால் பரிந்துரையின் கீழ் எல்லையைத் தாண்டாதே. பக்கத்தில் குடிநீர்க் கிணறு இருந்தால் அதையும் விடு, கைக்களை எடுக்கச் சொல். நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாததால் ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அட்ரசினுக்கு அனுமதியை மறுத்தது. நம் ஊர்த் தேரியைவிட வேகமாகத் தண்ணீரை இறக்கும் நிலம் அங்கேயும் அதிகம் இருக்காது.

இனி உன் கரிசலுக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படி. கனத்த மண் என்றால் மருந்தைக் கூட்டு என்று பாடப்புத்தகம் சொல்லும், கடையிலும் அதையே சொல்வார்கள். கரிசல் கறுப்பாக இருப்பதால் மட்கு நிறைந்தது என்று நினைத்துவிடாதே. அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே கிடக்கிற கரிசல் நிலம் உன் வட்டாரத்தில் எங்கும் உண்டு. அட்ரசினை அதிகம் பிடித்துவைப்பது மட்கு. அந்த மட்கு இங்கே குறைவு. விரிந்து சுருங்கும் களி ஓரளவு பிடிக்கும், உண்மைதான். ஆனால் மட்கு செறிந்த குளிர்நாட்டு மண்ணுக்குச் சொன்ன மேல் எல்லையை இங்கே அப்படியே கொண்டுவந்து ஊற்றுவது தவறு.

அதைவிடப் பெரிய விஷயம் காரத்தன்மை. அமில மண்ணில் அட்ரசின் துகளோடு இறுக்கமாக ஒட்டும், சீக்கிரம் சிதைந்து களையைக் கொல்லாத பொருளாக மாறும். உன் கரிசலில் கார அமில நிலை 8-க்கு மேலே. அங்கே ஒட்டுவது குறையும், சிதைவதும் மெதுவாகவே நடக்கும். ஆகவே மருந்து நெடுநாள் உயிரோடு கிடக்கும். மழை பொய்த்தால் இன்னும் மோசம். மருந்தைச் சிதைக்கிற நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணில் அவை வேலை செய்வதில்லை. உன் பகுதியில் இது அடிக்கடி வரும். புரட்டாசியில் போட்ட மக்காச்சோளம் மழையில்லாமல் காய்ந்துபோகும், ஐப்பசி மழையில் அதை உழுதுவிட்டு உளுந்தோ பாசியோ போடலாமா என்று கேட்டு வருவார்கள். அட்ரசின் அடித்த நிலமென்றால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல். மறுபடி மக்காச்சோளமோ சோளமோ போடட்டும். அவை அந்த மருந்தைத் தாங்கும். உளுந்து முளைத்து வந்து, பச்சை பிடித்த பிறகே இலையோரம் மஞ்சளாகிக் கருகும். முளைப்பைப் பார்த்து நம்பியவர்கள் விதைச் செலவோடு பருவத்தையும் இழப்பார்கள். மக்காச்சோளத்துக்குள் உளுந்தை ஊடுபயிராகப் போடுகிறவர்களிடமும் அட்ரசின் பேச்சை எடுக்காதே; அங்கே பென்டிமெத்தலின்தான்.

வெடிப்பையும் மறக்காதே. கோடையில் கரிசல் பிளந்து கிடக்கும். வெடிப்பு மூடும் முன் மருந்தடித்து அதன் மேல் கனமழை விழுந்தால், தண்ணீர் மண்ணுக்குள் ஊறாமல் பிளவு வழியே நேரே அடிமண்ணுக்கு ஓடும், மருந்தையும் கொண்டுபோகும். முதல் நல்ல மழையில் நிலம் ஊறி, உழுது, பொலபொலவென்று ஆன பின் ஈரத்தின் மேல் அடிக்கச் சொல். காய்ந்த புழுதியின் மேல் அடித்தாலும் வீண்தான். பென்டிமெத்தலின் வெயிலில் சிதையும், ஆவியாகவும் போகும். சில நாளுக்குள் மழையோ பாசனமோ வந்து அதை மண்ணுக்குள் சேர்க்க வேண்டும்.

கிளைபோசேட் நிலத்தில் அடிக்கிற இந்த மருந்துகளுக்கு நேர்மாறு. மண்ணைத் தொட்டதும் களியிலும் இரும்புத் துகளிலும் இறுகிவிடும், அதனால் நிலத்தில் அடித்து முளைப்பைத் தடுக்க முடியாது. கண்மாயின் கலங்கல் தண்ணீரில் கலந்தால் டேங்குக்குள்ளேயே சேற்றில் ஒட்டிப் பாதி பலன் போய்விடும். தெளிந்த தண்ணீர்தான் வேண்டும்.

நெல் உன் வேலையில் அதிகம் வராது. டெல்டாவுக்கு மாற்றலாகிப் போனால், பூட்டாக்குளோர் அடித்த வயலில் மெல்லிய நீர் நிற்கவேண்டும், இரண்டு நாளுக்கு வடிக்கவும் கூடாது, புதிதாகப் பாய்ச்சவும் கூடாது என்பதை நினைவில் வை. அடியில் தண்ணீர் நிற்காத மணற்சாரி வயலில் அந்த மருந்தை நம்பாதே.

மண்வள அட்டையை வாங்கிப் பார்ப்பாய். 12 அளவுகள் இருக்கும். கார அமில நிலையும் அங்ககக் கரிமமும் உனக்கு வேண்டியவை. மணலா களியா என்பது அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதை உன் கைதான் சொல்ல வேண்டும். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளு. நாடாவே வராவிட்டால் மணல். இரண்டரை சென்டிமீட்டருக்குள் அறுந்தால் இருபொறை. ஐந்தைத் தாண்டி நீண்டால் களி. அதோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வை. மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாள்கூடக் கலங்கலாக நிற்கும். விவசாயி முன்னால் செய். தன் நிலத்தில் மேட்டுக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே கண்ணால் பார்ப்பார்.

கடைசியாக, மக்காச்சோளம் அறுத்த பின் கிணற்றுப் பாசனத்தில் பயறோ காய்கறியோ போட நினைக்கிறவர்களுக்காக ஒன்று. அந்த நிலத்தில் நாலைந்து இடத்தில் மேல்மண் எடுத்து ஒரு தொட்டியில் நிரப்பு. மருந்து படாத வரப்போர மண்ணை இன்னொன்றில் நிரப்பு. இரண்டிலும் வெள்ளரியும் உளுந்தும் ஊன்றி, வெயில் படும் இடத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்று. முளைத்ததோடு நிறுத்திவிடாமல் மூன்றாவது இலை வரும் வரை பார். இரண்டும் ஒன்றுபோல் வளர்ந்தால் விதைக்கச் சொல். வயல் மண்ணில் மட்டும் இலையோரம் வெளுத்தால், இந்தப் போகத்துக்குச் சோளம்தான்.

அன்புடன்,
உன் அண்ணன்