கதிர் வைத்தியமும் தொண்டை ரணமும்

தொண்டைப் புற்றுக்குக் கதிர் வைத்தியம் வாரத்தில் ஐந்து நாளாக, பெரும்பாலும் 7 வாரம் நடைபெறும். ஜோகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியில் இவ்வைத்தியம் உண்டு. மூவாரிலும் குளுவாங்கிலும் கடை வைத்திருக்கும் நம்மவர், 35 தடவை போய்வர வேண்டுமே என்று மலைக்கின்றனர். பயணம் பெரிதல்ல என்போம்.

முதல் வாரம் நோயாளி நன்றாகவே இருப்பார். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகி, எச்சில் பிசினாகும். அதை விழுங்குவதே நெருப்பை விழுங்குவது போலிருக்கும். "போதும், விட்டுவிடுங்கள்" என்பார். மனமிரங்கி நிறுத்திவிடலாகாது, இடையில் நாட்கள் விடுபட்டால் நோய் திரும்ப இடமாகும். வலியை வைத்தியரிடம் சொல்லி மருந்து கேட்க வேண்டும். மார்பின் ஹராமாயிற்றே என அஞ்சுவோர் உளர். வைத்தியர் அளந்து தரும் மருந்துக்கு அவ்வச்சம் வேண்டாம். நிர்ப்பந்தத்திற்கு ஷரீஅத்தில் இடமுண்டு.

நோன்புக் கஞ்சியை இஞ்சி, மிளகு, எலுமிச்சை சேர்க்காமல் குழைய அரைத்து இளஞ்சூட்டில் கொடுக்கலாம். தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சியை நோயாளிக்குக் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிவந்த செய்தி புகாரியில் உள்ளது. ஒரு லிட்டர் நீரில் உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்து, அடிக்கடி கொப்பளித்துத் துப்பச் செய்க. எடை குறைந்தால் மூக்கிலோ வயிற்றிலோ குழாய் வைப்பர். அது கடைசிக் காலத்தின் அடையாளமன்று.

கதிர் முடிந்த பின்னும் இரண்டு மூன்று வாரம் ரணம் ஆறாது. அப்பொழுதுதான் உறவினர் நலம் விசாரிக்கத் திரண்டு வருவர்! பதில் சொல்லும் வேலையை நாமே ஏற்று, அவர் கையில் காகிதமும் பென்சிலும் கொடுத்துவிடுவோமாக.