நான்காம் கட்டளையின் கடைசிப் பாடம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு



மறைக்கல்வி வகுப்பில் நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவை இறைவனின் பத்துக் கட்டளைகள். தாய் தந்தையரை மதித்துப் போற்ற வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்பதும், நன்றாகப் படிப்பதும், வீட்டு வேலையில் உதவுவதுமே இக்கட்டளையின் பொருள் என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் தந்தையோ தாயோ தீராத நோயில் விழுந்து, ஒரு வேலை சொல்லக்கூட வலுவின்றிப் படுத்த படுக்கையாகிவிட்டால், பிள்ளைகள் இக்கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவது? மருத்துவர் கைவிரித்த பிறகு நம் விசுவாசம் நமக்கு என்ன ஆறுதல் தரும்? நாம் அனைவரும் அறிந்த ஒரு புனிதையின் குடும்ப வரலாற்றிலிருந்து இதற்கு விடை காண முயல்வோம்.

சிறுமலர் என நாம் அன்புடன் அழைக்கும் புனித குழந்தை தெரேசாள் 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் பிரான்சு நாட்டில் அலென்சோன் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி அம்மையார் லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். 1858இல் மணம் புரிந்த இவர்களுக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். ஐந்து பெண் மக்களே எஞ்சினர். அவர்களுள் கடைக்குட்டி தெரேசாள்.

செலி அம்மையாருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்று 1876ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவர்கள் கூறிவிட்டனர். 1877 ஜூன் மாதத்தில் அவர் தம் மூத்த மகள்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து நகருக்குத் திருயாத்திரை சென்றார். அன்னையின் ஊற்று நீரில் மூழ்கி மன்றாடினார். நோய் தீரவில்லை. களைத்த உடலோடு வீடு திரும்பினாலும் அவர் மனம் தளரவில்லை; தம் மக்களுக்கும் தைரியம் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 45. தெரேசாளுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை.

தோழியரே, இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். செலி அம்மையாரையும் அவர் கணவரையும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அத்தகைய புனிதையே லூர்துக்குச் சென்றும் குணமடையவில்லை. அப்படியிருக்க, நோய் தீராத வீட்டில் விசுவாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

தந்தையின் நோய் இன்னும் கடுமையான சோதனையாக வந்தது. 1888 ஏப்ரல் 9ஆம் நாள் தெரேசாள் லிசியே நகரில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினைந்து. நம் வகுப்பில் பலருக்கும் இன்று அதே வயதுதான். அவர் மடம் புகுந்த சில மாதங்களில் தந்தையின் மூளை இரத்தக் குழாய்களைத் தாக்கிய நோய் முற்றியது. நினைவு தடுமாறிற்று. யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறிவிடுவார். 1889 பிப்ரவரி 12ஆம் நாள் அவரைக் கான் நகரில் உள்ள மனநோயாளர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கிருந்தார். அக்காலத்தில் அத்தகைய நோயைக் குடும்பத்திற்கு அவமானமாகவே மக்கள் எண்ணினர். பெண்கள் ஒவ்வொருவராக மடத்திற்குப் போனதால்தான் தந்தைக்கு இந்தக் கதி என்றும் ஊரார் பேசினர்.

அடைபட்ட மடத்தின் ஒழுங்குப்படி தெரேசாள் வெளியே சென்று தந்தையைப் பார்க்க இயலாது. அக்காள் செலினும் லெயோனியும்தான் அருகிருந்து கவனித்தனர். அவ்வேளையில் தெரேசாள் எசாயா ஆகமத்தில் துன்புறும் ஊழியனைப் பற்றிய பகுதியைத் தியானித்தார். அழகிழந்து, பிறரால் இகழப்பட்டு, முகம் மறைந்து நிற்கும் அந்த ஊழியனில் பாடுபடும் இயேசுவைக் கண்டார்; அந்த இயேசுவின் சாயலைத் தம் தந்தையிலும் கண்டார். குழந்தை இயேசுவின் பெயரோடு திருமுகத்தின் பெயரையும் அவர் தம் துறவறப் பெயரில் சேர்த்துக்கொண்டிருந்தது பொருத்தமாயிற்று. ஊரார் அவமானம் என்று கண்ட இடத்தில் மகள் ஆண்டவரின் திருமுகத்தைக் கண்டாள். 1892 மே மாதம் தந்தை வீட்டிற்குக் கொண்டுவரப்பட்டார். ஒருமுறை மடத்தின் சந்திப்பறைக்கு அவரை அழைத்து வந்தார்கள். விடைபெறும்போது அவர் விரலை மேலே உயர்த்தி, இனி வானகத்தில் சந்திப்போம் என்பதைத் தம் மக்களுக்கு உணர்த்தினார். அதுவே மடத்திற்கு அவர் வந்த கடைசி வருகை. 1894 ஜூலை 29ஆம் நாள், செலின் அருகிருக்க, அவர் உயிர் பிரிந்தது.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா பேருந்து ஓட்டுநர். சென்ற ஆண்டு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கொஞ்ச நாளில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களில் சிலர், உறுதியான விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பார் என்றார்கள். அம்மா பதில் பேசாமல் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவது என் வேலை. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை நானும் அம்மாவும் சேர்ந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்போம். மாலையில் செபமாலை சொல்லும்போது அப்பாவால் வாய் திறந்து சொல்ல முடியாது. பெருவிரல் மட்டும் மணிகளின் மேல் நகரும். எங்கள் பங்குத்தந்தை வந்து அப்பாவின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். இருபது ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்த கைகள் அவை. அன்று இரவு அப்பா அமைதியாகத் தூங்கினார்கள். தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எங்களை விட்டுப் பிரிந்தார்கள்.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, அழுவது பாவமன்று. இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அவன் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார். கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்று மன்றாடினார். ஆகவே, 'அப்பாவைக் குணமாக்கும்' என்று கேட்கவும், குணமாகாதபோது அழவும் நமக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தைக் கண்டு அஞ்சக் கூடாது. முன்னாளில் இதை அவஸ்தைப் பூசுதல் என்று அழைத்தார்கள். அதனால் குருவானவரை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று எண்ணிக் கடைசி மூச்சு வரை காத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் எடுத்துரைத்தது. அதன்படி திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972இல் இச்சடங்கைப் புதுப்பித்தார். கடும் நோயுற்றவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே இதைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். இறுதி வேளையில் நற்கருணை ஆண்டவரே வழியுணவாக வருகிறார்.

மூன்றாவது, பணிவிடையும் செபமே. நோயுற்றோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்பேன் என்பது ஆண்டவரின் வாக்கு. கஞ்சி ஊட்டும் கரண்டியும், படுக்கை விரிப்பைத் துவைக்கும் சோப்பும் அவ்வேளையில் நம் கையில் உள்ள செபமாலையாகும். நம் பெற்றோர் நம்மைக் குழந்தையாக ஏந்தியதுபோல் நாம் அவர்களை ஏந்துகிறோம். நான்காம் கட்டளையின் கடைசிப் பாடம் இதுவே.

தோழியரே, உங்கள் வகுப்பில் ஒருத்தியின் வீட்டில் இத்தகைய நோய் இருந்தால் அவளிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் வராத நாட்களின் பாடத்தை எழுதிக் கொடுங்கள். ஒரு பத்து மணி செபமாலை அவளுக்காக ஒப்புக்கொடுங்கள். எனக்கு அவ்வாறு செய்த தோழியருக்கும், மாலைதோறும் சிற்றாலயத்தில் எங்களுக்காக மன்றாடிய சகோதரிகளுக்கும் என் நன்றி.

அருள் நிறைந்த மந்திரத்தின் முடிவில் நாம் தேவதாயிடம் இரண்டு வேளைகளுக்காக மன்றாடுகிறோம். ஒன்று இப்பொழுது, மற்றொன்று நம் மரண வேளை. ஆயிரம் முறை வாய் சொன்ன அந்தச் செபத்தை, அப்பாவின் கட்டிலருகே முழந்தாளிட்டபோதுதான் என் மனம் சொன்னது. நன்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பரும், சிறுமலரும், அவர்தம் பெற்றோரும், நோயுற்றிருக்கும் எல்லாத் தாய் தந்தையருக்காகவும், அவர்கள் அருகில் விழித்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவார்களாக!