வீட்டுக்கு வீடு ரேஸ்

கேள்வி: என் கணவருக்கும் மகனுக்கும் கார் ரேஸ் பைத்தியம். இதைக் குடும்பப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தாராளமாக! உங்கள் ஊரிலேயே முன்னோடிகள் உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர் இந்து சந்தோக். மகன் விக்கியும் ரேஸ் ஓட்டியவர். பேரன் கருண் 2010-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். கோவையின் ஃபார்முலா ஒன் வீரர் நரேன் கார்த்திகேயனின் அப்பாவும் ராலி வீரர்தான்.

மகனை முதலில் கோ-கார்ட்டில் உட்கார வையுங்கள். எங்கே பிரேக் பிடிப்பது, வளைவில் எப்படி நுழைவது என்பதெல்லாம் அதில் குறைந்த செலவில் படிந்துவிடும். பிறகு சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்.

செலவா? காரை வாங்குவதோடு முடியாது. டயரும் பிரேக் பேடும் பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும். வீட்டுக் காரை டிராக்கில் இறக்க உங்கள் கணவர் துடிப்பார், விடாதீர்கள். ரேஸில் அடிபட்டால் சாதாரண இன்சூரன்ஸில் காசு வராது. பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ஆமாம், உங்கள் கையில் ஸ்டாப்வாட்ச்சைத் திணித்து ஓரமாக உட்காரச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். சென்னை அலிஷா அப்துல்லா ரேஸ் ஓட்டவில்லையா? ஸ்டியரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.