உயரமும் ஓய்வும்

நுழையும்முன்

பதவி உயர்ந்தால் வாழ்வும் உயரும் என்பது பொதுவான எண்ணம். விமானம் ஓட்டும் தொழிலிலோ, பதவி உயரும் நாளிலேயே விடுப்பும் உறக்கமும் குறைவதுண்டு. அமெரிக்க விமானிகளின் பணிமுறை வழியாக, முன்னேற்றத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் இணைத்து எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இப்பாடம்.

பணிமூப்பு என்னும் ஏணி

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் பணியில் சேரும் ஒவ்வொரு விமானிக்கும் பணிமூப்பு எண் ஒன்று வழங்கப்படுகிறது. எந்நகரைப் பணித்தளமாகக் கொள்வது, எவ்வகை விமானத்தை ஓட்டுவது, எந்நாளில் விடுப்புப் பெறுவது ஆகியன பெரும்பாலும் அவ்வெண்ணின் வரிசைப்படியே முடிவாகின்றன. மாதந்தோறும் விமானிகள் தம் விருப்பங்களைப் பதிவு செய்வர். மூத்தவர் விரும்பியது முதலில் அவருக்குக் கிடைக்கும்; எஞ்சியது இளையவரைச் சேரும். இருபதாண்டு அனுபவம் உடையவரும் வேறு நிறுவனத்திற்கு மாறினால், பொதுவாக வரிசையின் கடைசியிலிருந்தே தொடங்க வேண்டும்.

உயர்வின் விலை

விமானி அறையின் இடப்பக்க இருக்கை தலைமை விமானிக்கு உரியது. வலப்பக்கத்தில் துணை விமானி அமர்வார். தலைமை விமானியாக உயர்பவருக்கு ஊதியம் பெருகும். இறுதி முடிவெடுக்கும் பொறுப்பும் வந்து சேரும். ஆனால், துணை விமானியருள் மூத்தவராக இருந்தவர் தலைமை விமானியருள் இளையவராகிவிடுவார். பண்டிகை நாள்களில் வீட்டில் இருந்தவருக்குக் காத்திருப்புப் பணி அமையும். அழைப்பு வந்தவுடன் புறப்பட வேண்டும். புதிய பணித்தளம் தொலைநகரில் அமைந்தால், பணிக்குச் செல்வதற்கே மற்றொரு விமானத்தில் பயணம் செய்ய நேரும்.

இதனால், தகுதி இருந்தும் சிலர் பதவி உயர்வைச் சில ஆண்டுகள் தள்ளி வைக்கின்றனர். மழலையரை வளர்ப்போரும் முதிய பெற்றோரைப் பேணுவோரும் இவர்களுள் அடங்குவர். அதற்கும் விலை உண்டு. விமான நிறுவனப் பணியில் 65 வயதுவரையே விமானம் ஓட்டலாம் என்பதால், கைவிட்ட ஆண்டுகளின் ஊதியம் மீண்டு வாராது. இரு வழியிலும் இழப்பு உண்டு. எதனை இழக்கலாம் என்பதை அவரவர் சூழலே முடிவு செய்கிறது.

பஃபலோ உணர்த்திய பாடம்

2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே சிறிய பயணிகள் விமானம் ஒன்று வீடொன்றின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் உயிரிழந்தனர். வேகம் குறைந்து எச்சரிக்கை எழுந்தபோது தலைமை விமானி தவறாகச் செயற்பட்டதே விபத்துக்கு முதன்மைக் காரணம் என விசாரணை கண்டது. களைப்பு அவர்களின் செயல்திறனைக் குறைத்திருக்கக்கூடும் என்றும் அது கருதியது. துணை விமானி சியாட்டில் நகரிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். தலைமை விமானி முந்தைய இரவைப் பணியாளர் அறையில் கழித்திருந்தார்.

உயிரிழந்தோரின் குடும்பத்தினர் தொடர்ந்து குரல் கொடுத்தனர். சட்டம் திருந்தியது. 2014 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வையும் அதற்குள் 8 மணி நேரம் தடையின்றி உறங்கும் வாய்ப்பையும் உறுதி செய்தன. பறப்பதற்குத் தாம் தகுதியுடன் உள்ளதாக விமானியும் உறுதியளிக்க வேண்டும்.

ஓய்வு நேரத்தைச் சட்டம் தரலாம். அந்நேரத்தில் உறங்குவது விமானியின் கடமை. எங்கே குடியிருப்பது, எப்போது உயர்வை ஏற்பது என்னும் முடிவுகள் அவர்தம் குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை. அவரை நம்பிப் பின்னே அமர்ந்திருக்கும் பயணிகளின் உயிரையும் அவை தொடுகின்றன.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் பொது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அறிவித்த விதிகள், விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தின.

கற்பவை கற்றபின்

1. பதவி உயர்வைத் தள்ளி வைக்கும் விமானியின் முடிவு சரியா? இருபக்கக் கருத்துகளையும் தொகுத்து வகுப்பறையில் விவாதிக்க.
2. ஓய்வின்மை பிறர் உயிரைப் பாதிக்கக்கூடிய வேறு இரு தொழில்களைக் குறிப்பிட்டு விளக்குக.